ஓடிஸ் ப்ரூவிட்டின் இடது கால்

மேற்கு வானம் பச்சையாக மாறியதை முதலில் கண்டவள் நான்தான். கொடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தேன். காற்று அறவே நின்றுபோயிருந்தது. பைன் மரங்களில் ஓர் ஊசியிலைகூட அசையவில்லை. பறவைகள் எங்கே ஒளிந்தன என்று தெரியவில்லை. ஏப்ரல் மாதத்து அலபாமாவில் வாழ்ந்தவர்களுக்கு அந்த அமைதியின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. துணிக்கூடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, "ஹாய்ட்!" என்று கத்தினேன். அதற்குள் தீயணைப்பு நிலையத்தின் சங்கு ஊர்மீது ஓலமிடத் தொடங்கிவிட்டது.

என் கணவர் ஹாய்ட் சமையலறையில் கைத்தொலைபேசியைக் காதில் வைத்தபடி நின்றிருந்தார். எங்கள் மகள் கார்லா ஜீனுக்கு அது எட்டாம் மாதம். பெத்தேல் சாலையில் ஒரு தகர டிரெய்லர் வீட்டில் இருந்தாள். அவள் கணவன் ஆற்றுப் படகு வேலைக்குப் போயிருந்தான். வண்டியையும் எடுத்துப் போயிருந்தான்.

"எங்கடி இருக்க? அந்த டப்பாவ விட்டு வெளிய வா!"

"டாடி, நான் இப்பத்தான்..." என்றது அவள் குரல். பிறகு ஒன்றுமில்லை. மறுபடி அழைத்தார், மறுபடியும் அழைத்தார். இணைப்பே இல்லை.

வீட்டின் பின்புறத்தில் மண்ணைத் தோண்டி, இரும்புக் கதவு போட்டுக் கட்டிய புயலறைக்குள் இறங்கினோம். தலையில், பந்தைக் கையில் ஏந்தி ஓடும் எங்கள் ஊர்க் கால்பந்துக்கான ஹெல்மெட் மாட்டிக்கொண்டுதான் இங்கே எல்லோரும் புயலறைக்குள் இறங்குவார்கள். எங்களுடையவை எங்கள் அணியான டல்வின் கல்லூரியின் அரக்குச் சிவப்பு. கதவைச் சாத்தும் நேரத்தில் எதிர்வீட்டு டெல்மர் ஓடிவந்தார். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, புயலறையும் இல்லை. எதிரணியான செல்பி கல்லூரியின் ஆரஞ்சு ஹெல்மெட் அவர் தலையில் ஒளிர்ந்தது.

"அந்த ஆரஞ்சுச் சட்டிய வெளிய கழட்டி வச்சிட்டு வா. இது சுத்தமான இடம்," என்றார் ஹாய்ட்.

"போடா. கடவுள் மேலேருந்து பாக்கும்போது ஒரு நல்ல மனுஷனாவது கண்ணுல படணும்ல?"

"கடவுள் டல்வின் பக்கம்டா."

"அதான் அஞ்சு வருஷமா உங்கள இந்தப் போடு போடுறாரா? மிஸ் நெல்டா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க, என் முட்டி மடங்காது."

ஹாய்ட் சிரிக்கவில்லை. பேட்டரி வானொலியைத் திருகினார். வானிலைக்காரர், சந்தி சந்தியாக, சாலை சாலையாக, புயல் நடந்துவரும் வழியைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பெயரும் எங்களுக்குத் தெரிந்த ஒரு சமையலறை, தெரிந்த ஒரு முகம். ஹாய்ட் எழுந்தார்.

"நான் போய்க் கூட்டிட்டு வந்துடறேன். பத்து நிமிஷந்தான்."

நான் படியில் குறுக்கே நின்றேன். "ரோட்டுலயே வண்டியோட தூக்கிட்டுப் போயிடும் ஹாய்ட். எனக்கு ரெண்டு பேரையும் பறிகொடுக்க முடியாது."

"அப்ப ஒருத்திய மட்டும் பறிகொடுக்கலாமா?"

ஆண்டவரே, உம் கையை அந்தத் தகரக் கூரையின்மேல் வையும் என்று மட்டும் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். ஹாய்ட் என் தோளைப் பற்றி விலக்கப் பார்த்தார். அப்போதுதான் டெல்மர் வாயைத் திறந்தார்.

"எண்பத்து மூணுல பெஞ்ச மழையவிட இது ஒண்ணும் பெருசில்ல. அன்னிக்கு மேட்ச்ல எல்லைக்கோட்ட மிதிச்சுட்டு ஓடுனவனுக்கு வெக்கமே இல்லாம கை தட்டுனீங்க."

ஹாய்டின் கை என் தோளில் நின்றது. "அவன் மிதிக்கல."

"மிதிச்சான்."

ஹாய்ட் மெல்ல உட்கார்ந்தார். டெல்மர் எதற்காக அந்தக் கதையை எடுத்தார் என்று எனக்குப் புரிந்தது. நன்றியோடு அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

ஹாய்ட் அந்தக் கதையை எப்போதும் பெயர்களிலிருந்துதான் தொடங்குவார், வேதத்தில் முன்னோர் வரிசையை வாசிப்பது போல. முன்பற்கள் இரண்டையும் களத்திலேயே விட்டுவிட்டு வந்த கிளீட்டஸ் ஹார்ன். ஒடிந்த விரலைத் துணியால் சுற்றிக்கொண்டு நாற்பது கெஜம் பந்தெறிந்த வேய்ன் ஸ்டப்ஸ். கரும்புத் தோட்டத்திலிருந்து வந்து, பேசவே கூச்சப்பட்ட ஓடிஸ் ப்ரூவிட். இவர்களைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு பணிவு வரும். அன்று பெயர்களுக்கு நடுவே வானொலியையும் பார்த்துக்கொண்டார்.

"நாலு பாயிண்ட் கம்மி. ஆட்டத்தோட கடைசி வாய்ப்பு, பந்தோட மறுமுனை வரைக்கும் ஓடிட்டா ஆறு பாயிண்ட். செல்பிக்காரன் பந்த உதைக்கிறான். மழையில அது சோப்புக்கட்டி மாதிரி வழுக்குது. ப்ரூவிட் நம்ம எல்லைக்குப் பக்கத்துலயே பிடிக்கிறான்..."

"நழுவவிட்டுத்தான் பிடிச்சான்."

"பிடிச்சான்ல! கக்கத்துல இடுக்கிட்டு இடப்பக்கமா ஓடுறான். ஒருத்தன் காலப் பிடிக்கிறான், உதறுறான். இன்னொருத்தன் இடுப்புல மோதுறான், சுழண்டு வெளிய வர்றான்..."

வானொலி கிரெய்க் சந்தியைச் சொன்னது. பெத்தேல் சாலைக்கு முந்தைய சந்தி அது. ஹாய்ட் வேகம் குறைத்தார். பதினைந்து நொடியில் முடிந்த ஓட்டத்தை அவர் இழுக்கத் தொடங்கினார். ஐம்பதாவது கெஜத்தில் ப்ரூவிட்டின் ஹெல்மெட்டிலிருந்து வழிந்த நீரைச் சொன்னார். எதிரே நின்றவர்களின் சட்டை எண்களைச் சொன்னார். முன்பு ஒருபோதும் சொல்லாதவற்றையெல்லாம் சொன்னார். ப்ரூவிட் ஓடிக்கொண்டிருக்கும்வரை எதுவும் முடிந்துவிடாது என்று அவர் நம்பியதைப் போலிருந்தது. நானும் அப்படித்தான் நம்பினேன்.

"முப்பதாவது கெஜத்துக்கு வர்றான். கோட்ட ஒட்டி வர்றான். இடது கால்..."

அந்த இடத்தில் டெல்மர் குதிப்பது வழக்கம். மிதித்தால் ஓட்டம் செல்லாத அந்த எல்லைக்கோட்டின் சுண்ணாம்பை மழை கரைத்துவிட்டிருந்தது. ப்ரூவிட்டின் இடது கால் கோட்டுக்கு உள்ளே பட்டதா, மேலே பட்டதா என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நடுவர் உள்ளே என்றார், டல்வின் வென்றது. இறைச்சி சுடும் அடுப்புகளைச் சுற்றியும், முடிதிருத்தும் கடையிலும், ஆலய வாசலிலும், இந்த இரு மனிதர்களும் அந்த ஒற்றைக் காலுக்காக அத்தனை ஆண்டுகளாகச் சண்டையிட்டு வந்தார்கள்.

அப்போது வானொலி சொன்னது: "பெத்தேல் சாலையில் இருப்பவர்களே, இப்போதே பதுங்குங்கள். உங்கள்மேல்தான் வருகிறது." அடுத்த சொல் பாதியில் அறுந்து வெறும் இரைச்சலாயிற்று.

தலைக்குமேல் இரும்புக் கதவு மெல்ல அதிரத் தொடங்கியது.

டெல்மர் தம் கைகளைப் பார்த்தபடி, தாழ்ந்த குரலில், "அவன் மிதிக்கல ஹாய்ட்," என்றார். "உள்ளதான் வச்சான். நான் பாத்தேன். நல்ல ஓட்டம்டா அது."

ஹாய்டின் முகம் வெளுத்துப்போனதைக் கண்டேன். எங்கள் ஊரில் எதிரணிக்காரன் இப்படி விட்டுக்கொடுப்பது ஓரிடத்தில்தான்: சவப்பெட்டியின் முன்னால். ஹாய்டின் தம்பியை அடக்கம் செய்த நாளில், டெல்மர் அரக்குச் சிவப்பு டை கட்டிவந்து, "உங்க டீம் நல்ல டீம்," என்று சொல்லிக் கைகுலுக்கியிருந்தார்.

"என்ன சொன்ன?"

"ஒண்ணுமில்ல, ஹாய்ட்..."

"சொன்னத வாபஸ் வாங்கு!" ஹாய்ட் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினார். "என் பொண்ணு இன்னும் சாகல! மிதிச்சான்னு சொல்லு! சொல்லுடா!"

சரக்கு ரயில் ஒன்று கூரைமேல் ஏறியதைப் போன்ற பேரோசை எங்களை மூடியது. காது அடைத்தது. விளக்கு அணைந்தது. இருட்டில் நான் இருவரையும் பற்றிக்கொண்டேன். யார் கை, யார் தோள் என்று தெரியவில்லை. அந்த ஓசைக்கு அடியில், என் காதருகே, டெல்மர் அழுதுகொண்டே கத்துவது கேட்டது: "மிதிச்சான்! ரெண்டு காலாலயும் மிதிச்சான்! திருட்டுப்பய! நடுவரும் திருடன்! உங்க ஊரே திருட்டு ஊரு!"

"இன்னும் சொல்லு!" என்றார் ஹாய்ட்.

டெல்மர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஓசை நகர்ந்து, தேய்ந்து, மழையின் சத்தம் மட்டும் மிஞ்சியபின்னும் அவர் நிறுத்தவில்லை. நிறுத்தும்படி எங்களில் எவரும் கேட்கவில்லை.

இருட்டில் ஹாய்டின் கைத்தொலைபேசி ஒளிர்ந்தது. தெரியாத எண். ஹாய்ட் அதைப் பார்த்தார், விரல் அசையவில்லை. என்னிடம் நீட்டினார். நானும் வாங்கவில்லை. நல்ல செய்தியைச் சொந்த எண்ணிலிருந்தல்லவா சொல்வார்கள்? டெல்மர்தான் வாங்கினார்.

"ஹலோ... ஆமா... யாரும்மா?" ஹெல்மெட்டின் கம்பிகளுக்குப் பின்னால் அவர் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. பிறகு தொலைபேசியை எங்களுக்கு நடுவே வைத்தார். "பெட்ரோல் பங்க்ல இருக்கா. பீர் வைக்கிற குளிரறைக்குள்ள, ஏழெட்டுப் பேரோட."

"டாடி," என்றாள் கார்லா ஜீன். பற்கள் அடித்துக்கொண்டன. "நடந்தே வந்துட்டேன். வழியில விழுந்துட்டேன், போனும் தொலைஞ்சுடுச்சு. வீடு இல்ல டாடி. திரும்பிப் பாத்தா வீடே இல்ல."

"விழுந்தியா? எப்படி விழுந்த?" நான் கேட்டேன். "குழந்த அசையுதா?"

"தெரியல மம்மா. பயத்துல கவனிக்கல. இரு."

காத்திருந்தோம். அந்தக் குளிரறையின் இயந்திரம் முனகுவது கேட்டது. யாரோ ஒரு பெண் பிரார்த்தித்தாள். ஹெல்மெட் மாட்டிய மூன்று தலைகளும் அந்தச் சிறு வெளிச்சத்தின்மேல் குனிந்திருந்தன. ஹாய்டின் உதடுகள் அசைந்தன, ஒலியில்லாமல்.

"அசையுது," என்றாள் கடைசியில். "மெதுவா. ஆனா அசையுது."

டெல்மர் படியேறிக் கதவைத் தள்ளினார். திறக்கவில்லை, எதுவோ மேலே விழுந்து கிடந்தது. ஹாய்ட் அவர் பக்கத்தில் போய் நின்றார். நான் தொலைபேசியை அணைக்காமலே மேல்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, என் தோளையும் அந்த இரும்பில் முட்டுக்கொடுத்தேன்.