அரசாங்கம் நகர்த்திய செவ்வாய்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சேலைக்கடைக்கு மேல்மாடி. சந்தனம் அப்பிய லேப்டாப்புக்குப் பின்னால் ஜோதிடர் குரு அமர்ந்திருந்தார். இந்த மாதிரி இடத்தில் கால் வைத்ததே குடும்பத்துக்கு இழுக்கு என்று கன்னையா நினைத்தார். மகள் ஷாமினிக்காகத்தான் வந்தார். நாற்பத்தைந்து வயதில், உடன் வேலை செய்யும் முகுந்தனைப் பிடித்திருக்கிறது என்று அவளே வாய் திறந்து சொல்லியிருந்தாள். முகுந்தன் மனைவியை இழந்தவன். ஜாதகம் பார்க்காமல் பேச்சே இல்லை என்றுவிட்டாள் அவன் தாய் பவுனம்மாள்.

நால்வரும் எதிரே உட்கார்ந்திருக்க, குரு உதட்டைப் பிதுக்கினார். "பன்னிரண்டுல செவ்வாய். புருஷனுக்கு ஆகாது லா."

பவுனம்மாள் எழுந்தாள். அவள் பின்னாலேயே முகுந்தனும் எழுந்தான்.

"எந்த நேரத்தை வெச்சுப் போட்டீங்க?" என்றார் கன்னையா.

"சூராட் பெரானாக்ல, பொறப்புப் பத்திரத்துல உள்ளதுதான் அங்கிள்."

"அது பழைய கடிகார நேரம். எண்பத்திரண்டுல அரசாங்கம் அரை மணி முன்னால தள்ளி வெச்சுச்சு. இவ அதுக்கு முன்னாலயே கிள்ளான்ல பொறந்தவ. நீங்க இன்னைய நேரக் கணக்கைப் போட்டிருக்கீங்க. ரயில்வேயில டைம்டேபிள் போட்டவன்கிட்ட இதெல்லாம் நடக்காது."

குரு விசைகளைத் தட்டினார். முகம் மலர்ந்தது. "லக்னமே மாறிடுச்சு. செவ்வாய் பதினொண்ணுல. லாப ஸ்தானம். மகாலட்சுமி லா இந்தப் பொண்ணு."

பவுனம்மாள் திரும்ப உட்கார்ந்தாள். "எனக்கு அப்பவே தெரியும் சம்பந்தி. முகத்துலயே அந்தக் களை இருக்கு."

கன்னையாவுக்கு எரிச்சல் வந்தது. பாபிலோனில் ராஜாவுக்குப் பயந்தவர்கள் வானத்தைப் பார்த்துக் குறி சொன்னார்கள். கிரேக்கர்கள் அதைக் கணக்காக்கினார்கள். கப்பலேறி வந்ததை நம்மவர்கள் நாள் பார்க்கும் பஞ்சாங்கத்தோடு ஒட்டி, ரிஷி வாக்கு என்று பெயர் வைத்தார்கள். அத்தனை ஆயிரம் வருஷத்து வித்தை, கோலாலம்பூரில் யாரோ ஓர் அதிகாரி போட்ட உத்தரவுக்கு வீடு மாறிக் குடிபோகிறது. இதற்கா என் மகள் தலைகுனிந்து உட்கார வேண்டும்?

எழுந்து போய்விடலாம் என்று வாயெடுத்தவர், அடக்கிக்கொண்டார். ஆசைப்பட்டவள் அவள்.

ஷாமினி நிமிர்ந்தாள். "முகுந்தன், இப்ப எழுந்தீங்களே, எங்க போறதா இருந்தீங்க?"

அவன் தாயைப் பார்த்தான். "அம்மா எழுந்தாங்க, அதான்... இப்பதான் எல்லாம் ஓகே ஆயிடுச்சே."

"உங்களுக்கு ஆயிடுச்சு." அவள் கைப்பையை எடுத்துக்கொண்டாள். "வாங்கப்பா."

"பொருத்தமெல்லாம் நல்லா இருக்கும்மா," என்றாள் பவுனம்மாள்.

படியிறங்கும்போது மகள் கண்ணைத் துடைப்பது தெரிந்தது. அதைக் கவனிக்காதவர் போல, கன்னையா விறைப்பாக முன்னால் நடந்தார்.