நாலாம் நம்பர் மைக்

சபையில் எல்லாரும் அவரை சவுண்டண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆளிடம் சத்தமே கிடையாது என்பது வேறு விஷயம். வார நாட்களில் அவருக்கு லிஃப்ட் ரிப்பேர் வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் டயர் கடைக்கு மேல் மாடியில் இருக்கும் ஆராதனை மண்டபத்தில், கடைசி மூலையில், மைக் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸருக்குப் பின்னால் நிற்பார். பதினொரு வருஷமாக இதே மூலை. எல்லாரும் கண்ணை மூடிக் கையைத் தட்டிப் பாடும்போது, இவர் மட்டும் கண்ணை அகல விரித்துக்கொண்டு எந்த ஸ்பீக்கர் கீச்சிடப் போகிறதோ என்று காத்திருப்பார். "ஏண்ணே, நீங்க பாடவே மாட்டீங்களா?" என்று யாராவது கேட்டால், "இதாம்மா என் ஆராதனை" என்பார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அவரும் அதை நம்பிக்கொண்டிருந்தார், பாவம்.

அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரி லாண்டரியில் வேலை. லாரி எஞ்சின் மாதிரி உறுமும் ஏழு மெஷின்களுக்கு நடுவில் நாள் முழுக்கப் போர்வையும் படுக்கை விரிப்பும் துவைத்து மடிப்பவள். அந்த இரைச்சலோடு போட்டி போட்டுப் பாடிப் பாடியே தொண்டை பழகிவிட்டது. குரல் கணீரென்று வரும், சந்தேகமில்லை. ஆனால் சுருதி என்று ஒன்று இருக்கிறதே, அது அவளை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. பாட்டு ஒரு தெருவில் போனால் இவள் அடுத்த தெருவில் சந்தோஷமாக நடந்து போவாள்.

பாடகர் குழுவில் ஆள் குறைந்தபோது, "நான் வர்றேனே" என்று அவளே மேடையேறினாள். நாலாம் நம்பர் மைக் அவள் கைக்கு வந்தது. மூன்றே வாரம். நான்காவது வாரம் பாஸ்டர் சவுண்டண்ணனைத் தனியாகக் கூப்பிட்டார். கூடவே கீபோர்டுக்காரர் நின்றார். வங்கியில் வேலை செய்கிறவர், அரை சுருதி தப்பினாலும் பல்லைக் கடிப்பார்.

"தப்பா எடுத்துக்காதீங்க," என்றார் பாஸ்டர். "நாலைக் கொஞ்சம் கம்மி பண்ணுங்க. புதுசா வந்த ஒரு குடும்பம் போன வாரம் பாதியிலயே எந்திரிச்சுப் போயிட்டாங்க. நாப்பது பேர் ஜெபத்துல நிக்கணும்னா சத்தம் உறுத்தக் கூடாது பாருங்க."

அதில் தப்பு சொல்ல முடியவில்லை. சவுண்டண்ணனுக்கே அந்தக் குரல் காதில் மணல் விழுந்த மாதிரி இருந்தது. கொஞ்சம் குறைத்தார். அப்புறம் இன்னும் கொஞ்சம். கடைசியில் முழுசாகவே மூடிவிட்டார்.

இதில் ஒரு வசதி உண்டு. மேடையில் பாடுகிறவர்களின் காலடியில் சின்ன ஸ்பீக்கர் ஒன்று இருக்கும், அவரவர் குரல் அவரவருக்குக் கேட்பதற்காக. கூட்டத்துக்குக் கேட்கும் பெரிய ஸ்பீக்கர் வேறு. இரண்டுக்கும் தனித்தனிக் கட்டுப்பாடு. பெரியதை மூடிச் சின்னதைத் திறந்து வைத்தால், பாடுகிறவருக்குத் தன் குரல் ஜம்மென்று கேட்கும், சபைக்குக் கேட்காது. அவளுக்குக் கேட்டது. அவள் பாடினாள். எட்டு மாசம் பாடினாள்.

"இன்னிக்கு நல்லாப் பாடினேனாங்க?" என்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் கேட்பாள். "ம், நல்லாருந்துச்சு" என்பார் இவர், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே. இதற்கு நடுவில், "இப்பல்லாம் சவுண்டு தேன் மாதிரி இருக்குண்ணே" என்று நாலு பேர் சொன்னதும் மனுஷனுக்கு உச்சி குளிர்ந்துபோனது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

இப்படியே போயிருக்கும். ஆனால் அவள் தங்கைக்குக் கண் ஆபரேஷன் வந்தது. இரண்டு வருஷமாகப் பார்வை மங்கி மங்கி, கடைசியில் ஆள் அடையாளமே தெரியாமல் போயிருந்த பெண். ஆபரேஷன் அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் இவள் ஒரு பொருத்தனை பண்ணிக்கொண்டாள். தங்கைக்குப் பார்வை வந்தால், சபை நடுவே நின்று தனியாக ஒரு நன்றிப் பாட்டு பாடுவதாக. பார்வை வந்தது. அவள் நேராகப் பாஸ்டரிடம் போய், "வர்ற ஞாயித்துக்கிழமை நான் பாடறேன் பாஸ்டர், தனியா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

சவுண்டண்ணன் கணக்குப் போட்டுப் பார்த்தார். தனியாகப் பாடும்போது மைக்கை மூடினால் குட்டு வெளிப்பட்டுவிடும். திறந்தால் எட்டு மாசமாக யாரும் கேட்காததை எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்பார்கள். சனிக்கிழமை மத்தியானம் பாஸ்டரைத் தேடிப் போனார்.

பாஸ்டர் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார். நல்ல மனுஷர், யாரையும் வேலை ஏவிவிட்டு நிற்கிறவர் இல்லை. "நானும் யோசிச்சேன்," என்றார். "என் வீட்டுக்காரம்மா துணைக்குப் பாடட்டும். ஒண்ணாம் நம்பர் மைக். அதோட சத்தத்தைத் தூக்கி வெச்சுக்கங்க. நாலு எப்பவும் போல இருக்கட்டும். அவங்களுக்கும் மனசு நோகாது, கேக்கறவங்களுக்கும் நிம்மதி."

"பாஸ்டர், பொருத்தனை அவ பண்ணது. குரல் உங்க வீட்டுக்காரம்மாவுது. அது எப்படிக் கணக்காகும்?"

"யாருக்குப் பாடறாங்க? கர்த்தருக்குத்தானே? அவருக்கு மைக் வேணுமா?"

"வேணாம்."

"அப்புறம் என்ன?"

சவுண்டண்ணன் தலையைச் சொறிந்தார். சரியாகத்தான் பட்டது. இரண்டு நாற்காலியை நகர்த்திப் போட்ட பிறகு சரியில்லாத மாதிரியும் பட்டது. "அவருக்கு மைக் வேணாம்னா, நம்ம எல்லா மைக்கையும் மூடிடலாமே பாஸ்டர்? உங்களுதையும் சேர்த்து?"

பாஸ்டர் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பு பாதியில் நின்றது. "எனக்கும் பிடிபடலதான்," என்று ஒப்புக்கொண்டார். "மெய்யான ஆராதனைன்னு மூணு வாரமா நானே பிரசங்கம் பண்றேன். இருந்தாலும் நாளைக்கு உங்க வீட்டம்மா பாடும்போது ஜனங்க முகத்தைச் சுளிச்சாங்கன்னா, அவங்க தாங்குவாங்களா? அதைச் சொல்லுங்க முதல்ல."

சவுண்டண்ணன் மிச்ச நாற்காலிகளையும் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். இராத்திரி மனைவி தூங்கிப்போனாள், இவர்தான் புரண்டு புரண்டு படுத்தார். மூடினால் ஏமாற்று. திறந்தால் அவமானம். இதில் எது கர்த்தருக்குப் பிடிக்கும் என்று யாரிடம் போய்க் கேட்பது?

ஞாயிற்றுக்கிழமை தங்கை வந்தாள், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு. வெளிச்சம் கூசுகிறது என்று மேடைக்குப் பக்கத்தில் போகவில்லை. கடைசி வரிசையில், மிக்ஸரை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்தாள். "அத்தான், அக்கா எனக்காகப் பாடுது" என்று பத்துத் தடவையாவது சொல்லியிருப்பாள்.

அக்காக்காரி மேடையேறினாள். துணைக்கு என்று பாஸ்டரம்மாவும் ஒண்ணாம் நம்பர் மைக்கோடு ஓரமாக நின்றார். அவளுக்கு ஒரு கையில் மைக், இன்னொரு கையால் புடவைத் தலைப்பை இழுத்துப் பிடித்திருந்தாள். ஆஸ்பத்திரி, ஆபரேஷன், பொருத்தனை, எல்லாம் சொன்னாள். பேசும்போது நாலு திறந்திருந்தது. பாட்டு ஆரம்பித்ததும், சொன்னபடி, சவுண்டண்ணன் நாலை இறக்கி ஒன்றை ஏற்றினார். பாஸ்டரம்மாவின் குரல் வழுக்கிக்கொண்டு வந்தது. ஜனங்கள் கண்ணை மூடினார்கள். கீபோர்டுக்காரர்கூடப் பல்லைக் கடிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அப்படி ஒரு சந்தோஷம்.

தங்கை மட்டும் தலையை இப்படியும் அப்படியும் திருப்பினாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைச் சுருக்கி மேடையைப் பார்த்தாள்.

"அத்தான், அக்கா பாடலையா?"

"பாடுதேம்மா. அங்க பாரு."

"வாய் அசையுது. ஆனா அது அக்கா இல்லையே."

இரண்டு வருஷமாகக் காதை வைத்தே ஆட்களைக் கண்டுபிடித்தவளிடம் என்ன சொல்லி மழுப்புவது?

"அக்கா எங்க அத்தான்?" என்றாள் மறுபடியும், அழுகிற குரலில்.

அவர் ஒன்றை இறக்கினார். நாலை மேலே தள்ளினார்.

மண்டபம் அதிர்ந்தது. ஏழு மெஷினை ஜெயித்த தொண்டை அது. கூட்டத்தில் நாலைந்து தலைகள் சட்டென்று நிமிர்ந்தன. ஒரு அம்மா காதைத் தடவிக்கொண்டாள். கீபோர்டுக்காரர் பாட்டைத் துரத்திப் பிடிக்கப் பார்த்து, முடியாமல் கையை எடுத்துவிட்டார். "ஆ, அக்கா!" என்றாள் தங்கை, நாற்காலி நுனிக்கு வந்து.

மேடையில் இருந்தவள் பாதி வரியில் நின்றாள். தன் பாட்டு பின் சுவரில் மோதித் திரும்பி வருவதை எட்டு மாசம் கழித்து அவள் அன்றைக்குத்தான் கேட்கிறாள். காலடி ஸ்பீக்கரைப் பார்த்தாள். பெரிய ஸ்பீக்கரைப் பார்த்தாள். அப்புறம் நேராகக் கடைசி மூலையைப் பார்த்தாள். லிஃப்ட் ரிப்பேர்க்காரரோடு இருபது வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு எந்த வயர் எங்கே போகிறது என்று தெரியாதா?

மிச்சப் பாட்டை அவள் பாடி முடித்தாள். குரல் மெலிந்துவிட்டது, ஆனால் ஒரு வரி விடவில்லை. மைக்கை ஸ்டாண்டில் வைத்துவிட்டு இறங்கி வந்து தங்கை பக்கத்தில் உட்கார்ந்தாள். தங்கை அவளைக் கட்டிக்கொண்டாள். அவளோ புருஷன் பக்கம் திரும்பவேயில்லை.

சாயங்காலம் தங்கையைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து, சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"எத்தனை மாசமா?"

"எட்டு."

"எல்லாருக்கும் தெரியுமா?"

"பாஸ்டருக்கு. அவர் வீட்டுக்காரம்மாவுக்கு. கீபோர்டுக்காரருக்கு."

"எனக்கு மட்டும் தெரியாது." குழாயை மூடினாள். "மோசமாவா பாடறேன்?"

பொய் சொல்லத் தெம்பில்லை. "ஆமா" என்றார். அப்புறம் அவசர அவசரமாக, "ஆனா கர்த்தர் கேட்டிருப்பாரும்மா. அவருக்கு மைக்கெல்லாம் வேணாம்ல?" என்றார்.

"அவர் கேட்டிருப்பாரு. அதுல எனக்கு சந்தேகமே இல்ல. நான் உங்களைக் கேக்கறேன். அந்த எட்டு மாசத்துல ஒரு நாளாவது, நான் என்ன பாடறேன்னு நீங்க கேட்டீங்களா?"

மிக்ஸரில் எந்த மைக்கை வேண்டுமானாலும் அவர் தனியாகக் கேட்கலாம். ஹெட்ஃபோனை மாட்டி ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஒரு தடவை கூட அழுத்தியதில்லை.

"இல்ல" என்றார்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. இதாம்மா என் ஆராதனை என்று பதினொரு வருஷமாகச் சொன்னோமே, அது எதை ஆராதித்தது? கர்த்தரையா, சுத்தமான சவுண்டையா? யோசிக்க யோசிக்கக் குழம்பியதுதான் மிச்சம். அந்த வாரம் இரண்டு லிஃப்ட்டுக்குத் தப்பான உதிரிப்பாகம் வாங்கிப் போனார்.

அடுத்த ஞாயிறு அவள் மேடையேறவில்லை. மூன்றாவது வரிசையில் ஓரமாக உட்கார்ந்தாள். பாஸ்டர் வந்து, "அவங்களை வரச் சொல்லுங்கண்ணே, நாலு திறந்தே இருக்கட்டும். என் தப்புத்தான்" என்றார். இவர் போய்க் கூப்பிட்டார். "வேணாங்க. பொருத்தனை முடிஞ்சுது" என்றாள். கோபம் கூட இல்லை அந்தக் குரலில். அதுதான் இவரைக் கொன்றது.

பாட்டு ஆரம்பித்தது. ஒரு குறை இல்லை, இழைத்து வைத்த மாதிரி இருந்தது சத்தம். எல்லாரும் எழுந்து நின்றார்கள். மூன்றாவது வரிசையில் அவளும் நின்றாள், வாய் மூடியிருந்தது. லாண்டரியில், குளியலறையில், பஸ் ஸ்டாப்பில் பாடிய வாய். ஐயோ, நான் மூடினது மைக்கை மட்டும் இல்லையே என்று சவுண்டண்ணனுக்கு உறைத்தது.

என்ன செய்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. மிக்ஸரை அப்படியே விட்டுவிட்டு நடந்தார். மேடையிலிருந்து பாஸ்டர் கண்ணை விரித்துப் பார்த்தார். இவர் போய் மூன்றாவது வரிசையில் அவள் பக்கத்தில் நின்றார். அவள் ஒரு அடி நகர்ந்து இடம் கொடுத்தாள்.

வாயைத் திறந்தார். முதல் சரணம் கூட்டத்தோடு கூட்டமாக எப்படியோ ஓடிவிட்டது. இரண்டாவது சரணம் வந்தபோது வார்த்தை வரவில்லை. பாஸ்டரம்மா எங்கே மூச்சு விடுவார், எந்த எழுத்தில் ஸ்பீக்கர் உறுமும், எல்லாம் அத்துப்படி. பதினொரு வருஷமாக வாரா வாரம் கேட்ட பாட்டில் என்ன சொல்லியிருக்கிறது என்று மட்டும் தெரியாது. திருதிருவென்று விழித்தார்.

அவள் பாட்டுப் புத்தகத்தை அவர் பக்கம் நகர்த்தி, வரியின் மேல் விரலை வைத்தாள்.

வாசித்து வாசித்துப் பாடினார். அந்தக் குரலைக் குரல் என்று சொல்வதா, துருப்பிடித்த கதவு என்று சொல்வதா? முன் வரிசையில் ஒருவர் திரும்பியே பார்த்துவிட்டார். பின்னால் ஸ்பீக்கர் கீச்சென்று அலறியது, ஓடிப் போய் அடக்க ஆளில்லை. அவர் போகவில்லை. இது ஆராதனையா, வெறும் பைத்தியக்காரத்தனமா என்று அவருக்கு இன்னமும் புரியவில்லை. கண்ணீர் வந்து எழுத்து கலங்கியதால் வரி வேறு தப்பியது. அவள் விரல் அடுத்த வரிக்கு நகர்ந்தது.

"அட ஆண்டவரே," என்றாள் அவள் மெதுவாக. "என்னை விட மோசம் நீங்க."

அவர் வெட்கப்பட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

அவள் முழங்கையால் இடித்தாள். "சத்தமாப் பாடுங்க. எனக்குக் கேக்கணும்."