சிவப்பு நூல் கட்டிய பாட்டில்

கொசு என்றாலே அக்காவுக்குக் கொலைவெறி. அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த அவள் புருஷனை, ஒரு நாள் தலைவலி என்று படுத்தறியாத மனுஷனை, ஒரு கொசு கடித்து எட்டே நாள் காய்ச்சலில் கொண்டுபோய்விட்டது. அன்றிலிருந்து அவள் அடுப்பில் சமையல் பாதி, பூச்சி விரட்டி பாதி.

இரண்டு சரக்குதான் செய்வாள். ஒன்று உடம்பில் அடித்துக்கொள்வது. எலுமிச்சைப்புல்லையும் கிராம்பையும் கொதிக்கவிட்டு வடிகட்டி, வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் அடித்து அதோடு கலப்பாள். கைக்குழந்தைக்குக்கூடத் தடவலாம், அவ்வளவு சாது. இன்னொன்று செடிக்கு. ஒரு கிலோ பச்சை மிளகாயையும் இரண்டு கை பூண்டையும் கல்லுரலில் போட்டு இடித்து, ஊறவைத்து, மூன்று தடவை வடிகட்டியது. மாவுப்பூச்சி அதைக் கண்டால் குடும்பத்தோடு காலி. மனுஷன் கண்ணில் பட்டால் கதை கந்தல்.

இரண்டையும் ஒரே மாதிரி வெள்ளை ஸ்பிரே பாட்டிலில்தான் அடைப்பாள். உள்ளே என்ன இருக்கிறதென்று வெளியே தெரியாது. லேபிள் ஒட்டுவது வெளியே கொடுக்கும் அன்றைக்குத்தான். அதுவரை அடையாளத்துக்கு, மிளகாய் பாட்டிலின் கழுத்தில் ஒரு சிவப்பு நூலைச் சுற்றி வைப்பாள். அப்படி நூல் சுற்றிய பாட்டில் ஒன்று வாசல் கதவோரம், அலமாரி மூலையில் எப்போதும் நிற்கும். தனியாக இருக்கிற பெண்பிள்ளை வீட்டுக்குச் செடியில் மட்டுமா பூச்சி வருகிறது?

பதினோரு நாளைக்கு முன்னால், காலில் செருப்புகூட இல்லாமல் தங்கை வந்து நின்றாள். இடது காதிலிருந்து ரத்தம் வழிந்து கழுத்தில் காய்ந்து கிடந்தது.

தங்கை புருஷன் தரைக்கு டைல்ஸ் பதிக்கிறவன். வேலையில் கெட்டிக்காரன், அதை மறுக்க முடியாது. தரை சமமாக இருக்கிறதா என்று வைத்துப் பார்க்க ஒரு அலுமினியச் சட்டம் வைத்திருப்பான். நடுவில் சின்னக் கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு குமிழ் ஓடும். ரசமட்டம் என்பார்கள். அவன் அதை வேலையிடத்தோடு விட்டுவிட்டு வந்தால் பரவாயில்லையே. வீட்டிலும் தட்டு அடுக்கில் வைப்பான், மடித்த துணியில் வைப்பான், கட்டில் விளிம்பில் வைப்பான். குமிழ் நடுவில் நிற்கவில்லை என்றால் அதே சட்டத்தால் அடி. உப்பும் சர்க்கரையும் ஒரே மாதிரி டப்பாவில் இருக்கவேண்டும். கேட்டால் திரும்பிப் பார்க்காமல் சரியானதை எடுத்து நீட்டவேண்டும். மாறிப்போனால் அதற்குத் தனி அடி. அக்கா அவனுக்கு வைத்த பேரே ரசமட்டம்தான்.

காதைப் பார்த்த நர்சம்மா சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். "சவ்வு கிழிஞ்சு போச்சு. அடுத்த அடி காதோட நிக்காதும்மா. மண்டைக்குப் போகும்."

இதற்கு முன்னால் மூன்று தடவை தங்கை இதே வீட்டுக்கு ஓடி வந்திருக்கிறாள். மூன்று தடவையும் அவன் வந்து வாசலில் உட்கார்ந்து அழுதான், இவளும் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனாள். அக்கா கிளிப்பிள்ளைக்குச் சொல்வது மாதிரி சொல்லிப் பார்த்தாள்.

"நாலாவது தடவ போனேன்னு வையி, அப்புறம் உன் பொணத்தப் பாக்கத்தாண்டி நான் அங்க வருவேன்."

போகிறேன் என்றோ போகமாட்டேன் என்றோ தங்கை வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. பதினோரு நாளாக அவள் செய்ததெல்லாம் கழுவுவதும் துடைப்பதும் அடுக்குவதும். அடுக்களையே அச்சடித்த மாதிரி ஆகிவிட்டது.

"இங்க யாரும் வந்து அளந்து பாக்கப் போறதில்லடி. சும்மா உக்காரு."

"கை சும்மா இருக்க மாட்டேங்குதுக்கா" என்றாள் தங்கை.

அன்று காலை பதினொரு மணி இருக்கும். அக்கா தரையில் உட்கார்ந்து மிளகாய் இடித்துக்கொண்டிருந்தாள். நெடி தாங்காமல் வாசல் கதவைத் திறந்து போட்டிருந்தது. தங்கை தொட்டியில் காலி பாட்டில்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். வாசலில் நிழல் விழுந்தது. அவன்தான். இந்தத் தடவை அழவில்லை. கையில் ரசமட்டம் இருந்தது.

"அண்ணி, அவளக் கெளம்பச் சொல்லுங்க. வண்டி கீழ நிக்குது."

"அவ வரமாட்டா மாப்பிள்ள. வந்த வழியப் பாத்துப் போயிடுங்க."

"நான் உங்ககிட்ட கேக்கல."

உள்ளே வந்தவன் அலமாரியைப் பார்த்து நின்றான். பன்னிரண்டு பாட்டில், ஒரே வரிசை, மூக்கெல்லாம் ஒரே பக்கம். ரசமட்டத்தை அவற்றின் தலைமேல் மெதுவாக வைத்தான். குமிழ் நட்ட நடுவில் வந்து நின்றது. அவன் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"பாத்தீங்களா? இத்தன வருஷம் அடிச்சது வீண் போகல."

அக்காவுக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறியது. மாப்பிள்ளையாவது மண்ணாங்கட்டியாவது.

"டேய், வெளிய போடா."

எழுந்து அலமாரி மூலைக்குக் கையை நீட்டினாள். மூலை காலியாக இருந்தது. வரிசையைப் பார்த்தாள். ஒரு பாட்டிலிலும் சிவப்பு நூல் இல்லை.

"நூல் எங்கடி?"

"ஒண்ணு மேல, ஒண்ணு கீழன்னு இருந்துச்சுக்கா" என்றாள் தங்கை. குரல் நடுங்கியது. "அசிங்கமா இருந்துச்சு. வெட்டிப் போட்டுட்டேன்."

யோசிக்க ஏது நேரம்? கைக்கு வந்ததை எடுத்து அவன் முகத்துக்கு நேராக நாலு அழுத்து அழுத்தினாள். அறை முழுக்க எலுமிச்சைப்புல் வாசம் கமகமத்தது. அவன் முகத்தைத் துடைத்து, கையை மோந்து பார்த்து, விழுந்து விழுந்து சிரித்தான்.

"என்ன அண்ணி, என்னைக் கொசுன்னு நெனச்சிட்டீங்களா?"

சிரித்த வாய் மூடுவதற்குள் அடி விழுந்துவிட்டது. முதல் அடியில் அக்காவின் தோள்பட்டை எலும்பு மளுக்கென்றது. இரண்டாவது அடி நெற்றியில் இறங்கி, ரத்தம் வலது கண்ணை மூடியது. கீழே விழுந்தவளை அவன் விடவில்லை. விலாவில் உதைத்தான். எத்தனை உதை என்று எண்ணமுடியவில்லை. மூச்சு உள்ளே போவேனா என்றது. இடித்த மிளகாய் தரையெல்லாம் சிதறி, அவள் நெற்றிக் காயத்திலேயே அப்பிக்கொண்டது. அந்த எரிச்சலில் அவள் போட்ட சத்தத்துக்கு ஊரே கூடியிருக்கவேண்டும்.

அவன் திரும்பித் தங்கையின் தலைமுடியை வலது கையில் சுருட்டிப் பிடித்தான். இடது கையில் சட்டம். இழுத்த இழுப்புக்கு அவள் நடந்தாள். அழவில்லை, திமிறவில்லை. வழக்கமாகப் போவது மாதிரியே போனாள். தரையில் கிடந்த அக்கா ஒற்றைக் கண்ணால் அதைப் பார்த்தாள். போச்சு, நாலாவது தடவையும் போகிறாள், அவ்வளவுதான் என்று நெஞ்சு உடைந்தது.

அலமாரியைக் கடக்கும்போது தங்கையின் கை மேலே போனது. தலை திரும்பவில்லை. விரல்கள் வரிசையின் மேல் ஓடி, ஒன்பதாவது பாட்டிலின் கழுத்தைப் பிடித்தன. நூலைத்தான் வெட்டினாளே தவிர, அவள் வரிசையில் எதுவும் மாறாது. உடம்புக்கானது எட்டு, பிறகு செடிக்கானது நாலு. திரும்பிப் பார்க்காமல் சரியான டப்பாவை எடுக்க அடித்து அடித்துப் பழக்கியவன் அவன்தானே.

ஒரு சாண் தூரத்தில் வைத்து இரண்டு கண்ணிலும் அடித்தாள்.

அவன் போட்டது மனுஷன் போடுகிற சத்தமே இல்லை. சட்டம் கையைவிட்டு விழுந்தது. அலறத் திறந்த வாய்க்குள்ளும் அடித்தாள். மூக்கில் அடித்தாள். அவன் முட்டி மடங்கி, அலமாரியில் மோதி, பாட்டில்களையெல்லாம் இழுத்துப் போட்டுக்கொண்டு வாசற்படியில் குப்புற விழுந்தான். அப்போதும் அந்த வலது கை முடியை விடவில்லை. தங்கையும் கூடவே சாய்ந்தாள்.

அக்கா எப்படி எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. உரலில் கிடந்த கல் குழவியை நல்ல கையில் தூக்கிக்கொண்டு தள்ளாடித் தள்ளாடி வந்துவிட்டாள்.

"தள்ளுடி. இன்னிக்கு இவன் மண்டைய ரெண்டா பொளக்குறேன்."

"குடுக்கா" என்று தங்கை குழவியைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னுமாடி உனக்கு இவன் மேல பாவம் பாக்கத் தோணுது?"

"நீ குடு."

பிடுங்கியே விட்டாள். அவன் கண்ணீரும் சளியுமாக, "தண்ணி, தண்ணி ஊத்துடி, கண்ணு போச்சு" என்று கத்திக்கொண்டிருந்தான். தங்கை அவன் முகத்தைப் பார்க்கவில்லை. தன் முடியைப் பிடித்திருந்த கையை மட்டும் பார்த்தாள். அந்தக் கையின் மணிக்கட்டை முட்டியால் படியோடு அழுத்திக்கொண்டு குழவியை இறக்கினாள். விரல்கள் விட்டுவிட்டன. விட்ட பிறகும் இறக்கினாள். எலும்பு நொறுங்கும் சத்தம் அக்காவுக்குத் தெளிவாகக் கேட்டது. தங்கை கிழிந்த காதைத் தோளில் சாய்த்து, நல்ல காதால் கேட்பது மாதிரி இன்னொரு தடவை இறக்கினாள். தரையைப் பட்டாகப் பதித்த அந்தக் கையில் விரல்கள் ஆளுக்கொரு திசையில் நின்றன.

"போதுண்டி" என்றாள் அக்கா. இந்தத் தடவை நடுங்கியது அவள் குரல்.

தங்கை குழவியைக் கீழே வைத்தாள். ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து அவன் கண்ணில் ஊற்றினாள். இன்னொரு சொம்பும் ஊற்றினாள். ரத்தக்கட்டியாகச் சிவந்த கண்ணை அவன் கொஞ்சமாகத் திறந்தான்.

"தெரியுதா?" என்று கேட்டாள். "நல்லாப் பாத்துக்கோ. நான் வரல."

பதினோரு நாளாக அக்கா காத்திருந்த சொல் அது. கேட்டதும் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

கீழ்வீட்டுத் தையல்காரர் ஓடிவந்து, வாசலைப் பார்த்துப் பேயறைந்த மாதிரி நின்று, பிறகு போலீஸுக்கும் ஆம்புலன்ஸுக்கும் போன் போட்டார். அவன் படியில் சுருண்டு முனகினான். அக்கா சுவரில் சாய்ந்து, துண்டால் நெற்றியைப் பொத்திக்கொண்டிருந்தாள். பாட்டில்கள் அறை முழுக்க உருண்டு கிடந்தன. போலீஸ் வருகிற வீடு இப்படியா இருப்பது என்று அவள் நல்ல கையை நீட்டி, பக்கத்தில் கிடந்த ஒன்றை எடுத்து நிமிர்த்தி வைத்தாள்.

தங்கை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அந்தப் பாட்டிலைக் காலால் தள்ளிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டாள்.

"கிடக்கட்டும்கா" என்றாள்.