மரியாதையான உதை

ஊனமுற்றவர்களை மரியாதையான வார்த்தையில் அழைப்பது பற்றி எங்கள் தொழிற்சாலையில் நடந்த பயிற்சி வகுப்பு முடிந்த மறுநாள், மேற்பார்வையாளர் என்னை வழக்கம்போல் "ஏய் நொண்டி" என்று கூப்பிடவில்லை. "மாற்றுத்திறனாளி அம்மா, கொஞ்சம் ஒதுங்குங்க" என்று சொல்லி, என் ஊன்றுகோலை எட்டி உதைத்தார். பெட்டி கட்டும் இயந்திரத்தில் முகம் மோதி உதடு கிழிந்தது, பல் தெறித்தது.

ரத்தம் ஒழுக ஒழுக மேலாளர் அறைக்குப் போனேன். உதைத்த அந்தப் பெரிய மனுஷனும் கூடவே வந்து கைகட்டி நின்றார்.

"தப்பா ஏதாவது வார்த்தை சொன்னாராம்மா?" என்று கேட்டார் மேலாளர்.

"இல்ல சார். உதைச்சார்."

"வார்த்தை சரியாத்தானே இருக்கு? அப்புறம் என்ன?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. மேசையைப் பிடித்துக்கொண்டு, ஊன்றுகோலால் மேற்பார்வையாளரின் தாடையில் ஒரு போடு போட்டேன். எலும்பு முறிகிற சத்தம் நன்றாகவே கேட்டது. அடுத்து மேலாளர் பக்கம் திரும்பி ஓங்கினேன்.

"மதிப்பிற்குரிய மேலாளர் ஐயா அவர்களே, வார்த்தை சரியா இருக்குங்களா?"