கறுப்புச் சேலை விரித்த மீன்தொட்டிகள்

அந்தோனியார் திருநாளுக்குச் செபஸ்தியாம்பிள்ளை தன் வீட்டுக்கு வெள்ளையடித்தார். சுவர் முடிந்தது, கிணற்றுக்கட்டு முடிந்தது. வாளியில் சுண்ணாம்பு மிச்சம். வீணாக்க மனமில்லாத மனிதர், மனைவி ஜோசப்பின் மீன் வளர்க்கும் கண்ணாடித் தொட்டிகளையும் விடவில்லை. முன்பக்கம் தவிர வெளிப்புறமெல்லாம் பூசிவிட்டார்.

வாவியில் இரவில் வலை போட ஆமி விடாத போர்க்காலம். அவருடைய தோணி கவிழ்ந்து கிடக்க, வீட்டு அடுப்பை எரித்தவை ஜோசப்பினின் சிவப்பு வாள்வால் மீன்கள்தான். ஆமி பாதை திறக்கும் நாட்களில் காத்தான்குடி அப்துல் கபூர் அவற்றை வாங்கி லொறியில் கொழும்புக்குக் கொண்டுபோவார்.

திருநாள் கழித்து வந்த கபூர் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்ன புள்ள இது? சிவப்பு மீன் கேட்டா, துவைச்சுக் காயப்போட்ட மீனக் காட்டுறாய்?"

"கொஞ்சம் வெளிறிப்போச்சு நானா."

"கொஞ்சமா? செட்டைய மடிச்சுக்கிட்டு மூலையில கிடக்கு. வருத்தக்கார மீன ஏத்த நான் என்ன ஆசுபத்திரி லொறியா ஓடுறன்? அடுத்த கிழமை பாதை திறக்குதாம். அதுக்குள்ள சிவக்காட்டி, வாழைச்சேனையில மீன் தர எனக்கு ஆள் இருக்கு."

ஜோசப்பின் தண்ணீர் மாற்றினாள், உப்புப் போட்டாள், நுளம்புப் புழு வடித்துப் போட்டாள். மீன்கள் வாயே திறக்கவில்லை. பிழைக்காது என்று தோன்றிய இரண்டை மட்டும் பிரித்து, பழைய கறுத்த மண்சட்டியில் விட்டாள். மறுநாள் பார்த்தால், இரண்டும் செட்டையை விரித்து ஒன்றையொன்று துரத்துகின்றன. நிறமும் ஏறியிருந்தது!

அதே கிணற்றுத் தண்ணீர், அதே தீன். தொட்டிப் பக்கம் திரும்பினாள். வெயிலில் சுண்ணாம்பு கண்ணைக் குத்தியது. ஒளிய ஓர் இருட்டு மூலை இல்லாமல் மீன்கள் பயந்து செத்துக்கொண்டிருந்தன.

"இஞ்சாருங்க! உங்கட வெள்ளைதான் எண்ட மீனக் கொல்லுது!"

"அது அந்தோனியாருக்கு அடிச்ச வெள்ளை புள்ள!"

"அந்தோனியார் மீனுக்குப் பிரசங்கம் வச்சவர். சுண்ணாம்பு அடிக்கச் சொன்னவரா? சுரண்டுங்க!"

கறுப்புப் பெயின்ற் எந்தக் கடையிலும் இல்லை. பானைகளின் அடிக்கரியைச் சுரண்டி, கஞ்சியில் குழைத்துத் தொட்டிகளின் வெளியே பூசினாள் ஜோசப்பின். பெரிய வெள்ளிக்கு உடுக்கும் கறுப்புச் சேலையை மடித்து அவற்றின் அடியில் விரித்தாள்.

அடுத்த வீட்டு ஞானமலர் வேலிக்கு மேலால் கேட்டாள்: "ஆருக்குகா செத்த வீடு?"

"கபூர் நானாட நக்கலுக்கு!"

பாதை திறந்த அன்று கபூர் வெள்ளை வாளிகளோடு வந்தார். கரிய தொட்டிகளுக்குள் மீன்கள் தணல் துண்டுகளாகத் திரிந்தன.

"சாயம் கீயம் போட்டியா புள்ள?"

"கைய விட்டுப் பாருங்க நானா. ஒட்டினா ஒண்டும் ஏத்த வேணாம்."

கபூர் முழங்கை வரை விட்டுத் துழாவினார். கை சுத்தமாக வந்தது. தொட்டியில் சாய்ந்து நின்ற வெள்ளைச் சட்டையில்தான் கரி அப்பியிருந்தது.

"எல்லாத்தையும் ஏத்து," என்றார்.

"அப்ப வாழைச்சேனை ஆள்?"

"அவன் கிடக்கான்!"

"பொறுங்க நானா. உங்கட வெள்ளை வாளியில எண்ட மீன் ஏறாது. கறுத்த வாளி கொண்டாங்க, மறுகா பேசுவம்."

கடைத்தெருவில் யாருக்கும் இறங்கிப்போகாத அப்துல் கபூர், கரிச் சட்டையோடு கறுத்த வாளி தேடிச் சந்தைக்குப் போனார்.