குன்றின் மேல் நின்றவர்கள் தோற்ற கதை

எனக்குக் கோபம் வரப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம் என்பார் அண்ணி. அன்றைக்குப் பெரிய காரணமே இருந்தது.

நான் அருங்காட்சியகத்தில் வழிகாட்டி. கூடத்தின் நடுவே ஒரு பெரிய மேசையில் குன்றுப் போரின் மாதிரி இருக்கிறது. விரல் உயரச் சிப்பாய்கள் நானூறு பேர். குன்றின் மேல் சிவப்புச் சட்டைகள், கீழே பள்ளத்துக்கு அப்பால் நீலச் சட்டைகள். ஜெயித்தது நீலம். ஏடுகளில் முடிவு மட்டும்தான் இருக்கிறது. யார் எங்கே நின்றார்கள் என்பதற்கு இந்த மேசையை விட்டால் வேறு ஆதாரம் கிடையாது.

உயரத்தில் நின்றும் சிவப்பு ஏன் தோற்றது? தலைக்கனம். இதுதான் என் கண்டுபிடிப்பு. ஏழு வருடம் உட்கார்ந்து முந்நூறு பக்கம் எழுதினேன். பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகளிடம் இதையே சொன்னேன். அவர்கள் பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கினார்கள். எங்கள் இயக்குநர் போகிற கூட்டத்திலெல்லாம், "உயரத்துல நிக்கிறவன்தான் ஜாக்கிரதையா இருக்கணும், குன்றுப் போர் சொல்ற பாடமே அதுதான்" என்று என் பெயரைச் சொல்லாமலேயே கைதட்டல் வாங்கினார். தொலையட்டும். திங்கட்கிழமை என் புத்தகம் அச்சேறவிருந்தது.

அட்டைக்குப் படம் வேண்டும் என்று அச்சகக்காரர் நச்சரித்தார். பழைய கோப்புகளைக் கிளறினேன். மேசையைத் திறந்துவைத்த நாளில் எடுத்த புகைப்படம் ஒன்று கிடைத்தது. குன்றின் மேல் நீலம். பள்ளத்துக்குள் சிவப்பு.

மேசையில் இருப்பதற்கு நேர் தலைகீழ். அந்த மேசையைத் தொடுகிற ஒரே ஆள் எங்கள் துப்புரவுப் பணியாளர், அதாவது என் அண்ணி. எனக்கு இந்த வேலை கிடைக்கச் சிபாரிசு செய்தவரும் அவர்தான். ஆகவே கத்துவதற்கு முன் இரண்டு நொடி யோசித்தேன். பிறகு படத்தை அவர் முன்னால் நீட்டிக் கத்தினேன்.

"அண்ணி! இந்தச் செவப்புச் சட்டைக்காரங்களை யாரு மேல ஏத்தினது?"

"நான்தான். நீ வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே." அவர் துடைப்பதை நிறுத்தவில்லை.

"எதுக்கு?"

"கூரை ஒழுகுது. நேரா அந்தப் பள்ளத்துலதான் சொட்டுது. செவப்புக்காரனுங்களுக்குப் பெயிண்ட்டெல்லாம் உரிஞ்சுபோச்சு. பாவமா இருந்துச்சு, மேல வெச்சேன். மேல இடம் பத்தல, நீலத்தை எறக்கி அந்தப் பக்கம் நிறுத்தினேன்."

"யார்கிட்டயாவது சொல்லக் கூடாதா?"

"இயக்குநர்கிட்ட ஒழுகுதுன்னு சொன்னேன். கூரைக்கு எழுதிப் போட்டிருக்கேன்னாரு. உன்கிட்டயும் வருஷா வருஷம் ஒழுகுதுன்னு சொல்றேன். 'ஒரு கிண்ணத்தை வைங்க அண்ணி, நான் எழுதிக்கிட்டு இருக்கேன்'னு வெரட்டுறது நீதான்."

உண்மைதான். கிண்ணம் பள்ளத்திலேயே இருந்தது. கேட்ட பிள்ளைகளிடம் அது குளம் என்று சொல்லிச் சமாளித்திருக்கிறேன்.

இயக்குநரிடம் ஓடினேன். புகைப்படத்தைப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எடுத்த இடத்துலயே வெச்சிடுங்க. பாடம் நல்லா இருக்குல்ல? யாரு எங்க நின்னா என்ன?"

எனக்கும் ஆசை வந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஏழு வருடம்! அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் நாங்கள் மூன்று பேர்தான். ஆனால் நாளைக்கு வரும் பிள்ளைகள் முன்னால் நின்று எந்த வாயால் பேசுவது? அச்சகத்துக்குப் போன் போட்டு நிறுத்தச் சொன்னேன்.

"விளையாடுறீங்களா சார்?" என்றார் அச்சகக்காரர்.

"இவ்வளவு நாளா விளையாடினேன்" என்று வைத்துவிட்டேன்.

கூடத்துக்குத் திரும்பி, கிண்ணத்தை எடுத்துவிட்டு, சிவப்புச் சட்டைகளை ஒவ்வொருவராகப் பள்ளத்தில் இறக்கினேன். அண்ணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நீலத்தை மேலே ஏற்றினார். வெளியே மழை பிடித்துக்கொண்டது. முதல் சொட்டு ஒரு சிவப்புச் சிப்பாயின் தலையில் விழுந்தது. அண்ணி அவனை முந்தானையால் துடைத்தார்.

"சரி, இவனுங்க ஏன் தோத்தானுங்க?"

"பள்ளத்துல நின்னாங்க அண்ணி. மேல இருந்து அடிச்சுட்டாங்க."

அண்ணி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதுக்கா ஏழு வருஷம்?"