ஆர்னேயைத் தவிர அனைவருக்கும்

“நான் வேண்டாம்னு நினைச்சாப் போதாதாக்கா? என் நிலம், என் பூ.”

“போதாதுடி. ரோட்டோரம் பலகை நட்டு, ‘யார் வேணும்னாலும் பூ வெட்டிக்கலாம், காசைப் பெட்டியில போடுங்க’ன்னு எழுதி வெச்சிருக்கியே. அது ஊருக்கே நீ குடுத்த வாக்கு. அவன் வெட்டிக் காசையும் போட்டுட்டான்னா வியாபாரம் முடிஞ்சுது. உன்னை ஒரு வார்த்தை கேக்க வேண்டியதில்ல.”

ஆல்மூட் வக்கீல் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள். பெரியம்மா மகள்தானே என்று யோசனை கேட்கப்போன இம்கேவுக்கு, இப்போது தன் பூந்தோட்டமே தனக்கு இல்லாததுபோல் ஆகிவிட்டது. அவளோடு விவாகரத்தாகி இரண்டு வருடமாகியும் ஆர்னே சனிக்கிழமை தவறாமல் வருகிறான். கம்பத்தில் சங்கிலியோடு தொங்கும் கத்தியை எடுத்து டாலியா வரிசையில் குனிகிறான். அவள் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். யாருக்காக வெட்டுகிறான் என்பதுதான் அவளை அரித்தது.

“வராதேன்னு அவன் முகத்துக்கு நேரா சொல்லிடு.”

“அவன்கிட்ட நான் பேசமாட்டேன்.”

“அப்போ பலகையிலயே எழுது. ஆர்னேயைத் தவிரன்னு. ஊரே படிச்சுச் சிரிக்கட்டும்.”

ஆல்மூட் கேலிக்குத்தான் சொன்னாள். இம்கே எழுதியே விட்டாள், பச்சைப் பெயின்ட்டில், கொட்டை எழுத்தில். மாலைக்குள் பேக்கரிக்காரி வந்து நின்றாள். “எங்க வீட்டுக்காரர் பேரும் ஆர்னேதாம்மா. அவர் வெட்டலாமா, கூடாதா?”

வெள்ளிக்கிழமை இம்கே அம்மாவைப் பார்க்கப் போனாள். இடுப்பெலும்பு முறிந்து, நகரத்து மறுவாழ்வு மையத்தில் இருந்தாள் அம்மா. ஜன்னலோரம் ஒரு தேநீர்க் கோப்பையில் வாடத் தொடங்கிய டாலியாப் பூக்கள். தண்டு விரல் நீளம்கூட இல்லை. இத்தனை குட்டையாகப் பூ வெட்டுகிறவன் ஒருவன்தான். குடித்தனம் நடத்திய காலம் முழுக்க அதற்காக அவனைத் திட்டியிருக்கிறாள்.

“இதை யாரும்மா கொண்டுவந்தா?”

“மாப்பிள்ளை.”

“எந்த மாப்பிள்ளை?”

“எனக்கு எத்தனை பேர் இருக்காங்க?” அம்மா தலையணையில் சாய்ந்துகொண்டாள். “விவாகரத்து உனக்கும் அவனுக்கும். நானா அவனை விட்டேன்?”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“அவன் பேரை எடுத்தாலே நீ எழுந்து போயிடறே. அப்புறம் நான் தனியா உக்காந்து காபி குடிக்கணும். நாளைக்கு வருவான். வெள்ளை டாலியா கேட்டிருக்கேன்.”

வீடு திரும்பும் வழியெல்லாம் இம்கேவுக்குப் பச்சை எழுத்துகள்தான் கண்ணில் நின்றன.

மறுநாள் காலை தூறலில், பெயின்ட்டை அழிக்க டர்பென்டைனில் நனைத்த துணியோடு பலகையை நோக்கி ஓடினாள். அதற்குள் சாலையோரம் ஆர்னேயின் சைக்கிள் நின்றிருந்தது. அவன் பலகையைப் படித்துக்கொண்டிருந்தான். ஒரு கால்கூடத் தோட்டத்துக்குள் வைக்கவில்லை. ஆளில்லாத தெருவிலும் சிவப்பு விளக்குக்குக் காத்து நிற்கிற மனுஷன். அவள் துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

“நனையறே,” என்றாள். இரண்டு வருடத்தில் அவனிடம் அவள் பேசிய முதல் வார்த்தை.

“உள்ள வரக்கூடாதுன்னு போட்டிருக்கே.”

“எழுதினப்போ எனக்கு ஒண்ணும் தெரியாது ஆர்னே. அம்மா நேத்துதான் சொன்னாங்க.”

“உன் மேல தப்பில்ல. நான் சொல்லியிருக்கணும்.” தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். மழைத்துளிகள் காதோரம் இறங்கின. “பலகையில எல்லாருக்கும்னு இருந்தவரைக்கும் உன்கிட்டக் கேக்காமலே வந்து போயிட்டிருந்தேன். எனக்கும் அது வசதியாத்தான் இருந்துது. இப்போ அதுல எனக்கு இடமில்ல. அப்போ உன்கிட்டதானே நேர்ல கேக்கணும்.”

அவள் காத்திருந்தாள். ஒரு டிராக்டர் அவர்களைக் கடந்து போனது.

“அம்மாவுக்கு வெள்ளை டாலியா வேணுமாம். நீயே வெட்டிக் குடு,” என்றான். பிறகு தொப்பியைப் பார்த்துக்கொண்டே கேட்டான். “அப்படியே... இன்னிக்கு நீயும் என்கூட வர்றியா, இம்கே?”